சுடாத கல்

இன்று காலை கடையில் ஒரு நூலைக் கொளுத்தினேன். கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு வீட்டார், இது அசல் பட்டுதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். முடி கருகும் வாசனை எழுந்தது. விரலால் தேய்த்ததும் சாம்பல் பொடியாக உதிர்ந்தது. அவர்கள் முகம் தெளிந்தது. எனக்கு உன் நினைவு வந்தது.

"சுட்டா பட்டு உண்மைய சொல்லிடும்மா. மனுசன்தான் சொல்லமாட்டான்" என்று வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாய். சொல்லும்போது என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாய். உனக்குத் தெரியும், சந்தேகப்படுவதற்குத்தான் முதலாளி எனக்குச் சம்பளம் கொடுக்கிறார். வெளியிலிருந்து வரும் புடவைகளில் கலப்படம் உண்டா என்று தடவிப் பார்த்து, கொளுத்திப் பார்த்து உள்ளே விடுகிறவன் நான். உள்ளே வந்ததை விற்கிறவன் நீ. காலையில் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினால் உன் குரல்தான் முதலில் கேட்கும். "வாப்பா சி.ஐ.டி., இன்னிக்கு யார மாட்டி வுடப் போற?"

வெள்ளை விரித்த மெத்தையின் நடுவே நீ சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கடைக்கே ஒரு நிறைவு வந்துவிடும். தொப்பை உன் மடியில் தனி ஆளாக உட்கார்ந்திருக்கும். ஒல்லியான ஆள் புடவை விரித்தால் வாங்க வந்தவர்களுக்கு நம்பிக்கை வராது என்பது உன் கட்சி. வந்ததும் அவர்களுக்குக் காபியோ கலர் சோடாவோ சொல்வாய். கூச்சப்பட்டு வேண்டாம் என்பார்கள். "நானும் குடிக்கிறேன், குடிங்கமா" என்று நீயே முதல் மிடறு குடித்துக் காட்டுவாய். முகூர்த்த மாதங்களில் எத்தனை வீட்டார் வந்தார்களோ அத்தனை கலரும் உன் வயிற்றுக்குள்தான் போனது. "வந்தவங்க வாய் இனிச்சா கை தாராளமாவும்" என்பாய். அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இனித்துவிட்டுப் போனார்கள். நீ தினமும் இனித்துக்கொண்டிருந்தாய்.

உனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது நீ அலட்டிக்கொள்ளவில்லை. அது இல்லாத வீடு இந்த ஊரில் எது என்று கேட்டாய். ரத்தப் பரிசோதனை வருகிறது என்றால் மட்டும் சில நாட்களுக்கு முன்பே நல்ல பிள்ளையாகிவிடுவாய். பாகற்காய், கேழ்வரகுக் கஞ்சி, விடியற்காலையில் மாடவீதி நடை. முடிவு நன்றாக வரும். உன் வீட்டில் அண்ணி சந்தோஷப்பட்டு விளக்கேற்றுவார். அன்று சாயங்காலமே உன் பக்கத்தில் கலர் பாட்டில் இருக்கும். எனக்கு அந்தக் காகிதத்தின் மேல் ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. முந்தானையில் மட்டும் அசலைக் காட்டி, உள்ளே வேறு எதையோ மடித்துக்கொண்டு வரும் புடவைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பச்சைப் புடவை. ஒரு பெண் கிளிப்பச்சை கேட்டாள். நீ நீலத்தை எடுத்து விரித்து, "இதவிட நல்ல பச்ச எங்கயும் கெடைக்காதும்மா" என்றாய். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நீயும் விளையாட்டுக்குச் சொன்னதுபோலச் சிரித்துச் சமாளித்தாய். மெத்தையின் மேலேயே காலத்தைக் கழித்தவன் நிறத்தில் தவறுவானா? விளக்கு சரியில்லை என்றாய். அன்று கடையில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

கத்திரி வெயிலில் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோமே, அதைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். தரிசனம் முடிந்து வெளிப் பிராகாரத்துக்கு வந்தபோது உச்சி வேளை நெருங்கிவிட்டது. நிழல் இருந்த பக்கம் வரை கயிற்றுப் பாய் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் பாய்க்கு வெளியே கால் வைத்தவர்கள் எல்லாம் ஐயோ அம்மா என்று துள்ளினார்கள். நானும் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் நீ பாயை விட்டு இறங்கி, வெறும் கல்லில், கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி ஆற அமர வந்துகொண்டிருந்தாய். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாருபா, அவரு கால அம்பாள் சுட வுடல" என்றார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. அம்பாள் என் காலை மட்டும் ஏன் சுட விட்டாள் என்று தோன்றியது.

வாசலுக்கு வந்தால் உன் செருப்பைக் காணோம். நான் வழக்கம்போலப் போகிறவர் வருகிறவர் கால்களை எல்லாம் முறைத்துக்கொண்டு நின்றேன். நீ என் தோளில் தட்டினாய். "வுடுபா. செருப்பு போனா பீட போச்சு. நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, உருகிக் கிடந்த தார் ரோட்டில் கடை வரைக்கும் வெறுங்காலோடு நடந்தாய். செருப்பு போட்டிருந்த எனக்கே அடியில் கொதித்தது. சுடவில்லையா என்று கேட்டேன்.

"சின்ன வயசுல தறி மிதிச்ச காலுபா இது. எப்பவோ மரத்துப்போச்சு" என்றாய்.

கேலியாகத்தான் சொன்னாய். உன் உடம்பைப் பற்றி நீ சொன்ன முதல் உண்மை அதுதான் என்பது அன்று நம் இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மெத்தை விரிப்பில், நீ உட்காரும் இடத்தில், ஈரமாக ஒரு மஞ்சள் கறை இருந்தது. யாரோ ஒரு குழந்தை கலரைக் கொட்டிவிட்டது என்று நீயே தீர்ப்புச் சொன்னாய். அன்று காலையிலிருந்து ஒரு குழந்தையும் வரவில்லை. குனிந்து மோந்து பார்த்தேன். கலர் வாசனை இல்லை. காலைக் காட்டு என்றேன். கூச்சத்தோடு காட்டினாய். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளங்கள். வலது காலில் பெரியது உடைந்து தோல் உரிந்து தொங்கியது. நீ அதைக் குனிந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

இழுத்துக்கொண்டுதான் போனேன், சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம். புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே அவர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை வருஷக்கணக்கில் அதிகமாகவே ஓடினால் ரத்தக்குழாயின் உள்சுவர் கெட்டு, கஞ்சி போட்டுக் காய்ந்த துணிபோல விறைத்துப்போகுமாம். மெல்லிய குழாய்களுக்குத்தான் முதல் அடி. கண்ணுக்குள், சிறுநீரகத்தில், பாதத்து நரம்புகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் இடத்தில். பட்டினி கிடக்கும் நரம்பு ஒரு நாள் சூடு, முள் எதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொள்ளும். பெரிய குழாய்களில் கொழுப்பு படிந்து, இதயத்துக்கும் காலுக்கும் போகிற ரத்தம் குறையும். தொப்பையைப் பற்றியும் சொன்னார். அது சும்மா உட்கார்ந்திருக்கும் மூட்டை இல்லை, உடம்பில் சுரக்கும் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுத்து, ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும் என்றார். கண்ணையும் காட்டச் சொன்னார். எனக்கு நீலப் புடவை நினைவுக்கு வந்தது. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு அவர் ஒரு கைப்பிடியில் செருகிய சின்ன நைலான் இழையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தில் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும். "பட்டுக்கடக்காரன் காலுக்கு நைலான் ஒத்துக்காது டாக்டர்" என்று நீ சொன்னதும் அவரும் சிரித்தார். கண்ணை மூடினாய். அவர் தொட்டார். 'ம்' என்றாய். மறுபடி தொட்டார். 'ம்.' எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது அவர் ஏதோ எழுதத் திரும்பினார். இழை உன் காலருகில்கூட இல்லை. நீ 'ம்' என்றாய். சற்றுப் பொறுத்து இன்னொரு 'ம்.'

"டாக்டர், நீங்க தொடாதப்பவும் சொல்லிக்கினு இருக்காரு" என்றேன்.

அவர் திரும்ப முதலிலிருந்து செய்தார். இந்த முறை எப்போது தொடுவார் என்று ஊகிக்க முடியாதபடி செய்தார். உன் நெற்றி வேர்த்தது. வலது பாதம் முழுவதும் நீ ஒரு இடத்தில்கூடச் சரியாகச் சொல்லவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் நீ ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாய். "எங்கிட்டயே நூல் கொளுத்திப் பாக்கறியா?" அப்புறம் பல நாள் என்னோடு பேச்சு இல்லை. சி.ஐ.டி. என்று கூப்பிடவும் இல்லை. அது எனக்கு உறுத்தியது, ஆனால் அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்தால் மறுபடியும் சொல்லத்தான் செய்திருப்பேன்.

புண் ஆறவில்லை. ஆறுவதற்கு அங்கே ரத்தம் போய்ச் சேர வேண்டுமே. கடைசியில் வலது கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். மீண்டு வந்தபோது நீ வேறு ஆளாக இருந்தாய். முதலாளி நாற்காலி போட்டுக் கொடுத்தார். மெத்தென்ற தனிச் செருப்பு வந்தது. கலரை நிறுத்திவிட்டு மோருக்கு மாறினாய். நான் நம்புவேனா? நீ கீழே வைத்ததும் டம்ளரை எடுத்து மோந்து பார்ப்பேன். ஒரு நாள் பார்த்துவிட்டாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். "நெசமாவே மோருதான்பா" என்றாய், அடிபட்ட குரலில். மோர்தான்.

ஆவணி முகூர்த்தக் கூட்டம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த உன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நெஞ்சு வலிக்குதா? எங்கிட்ட பொய் சொல்லாத."

"இல்லபா. வேர்க்குது, அவ்ளோதான். சத்தியமா வலியில்ல."

நான் நம்பவில்லை. வாயை அடைத்து ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே மாரடைப்பு என்றார்கள். முந்தின நாளே தொடங்கியிருக்கலாம் என்றார்கள். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சிலும் நரம்பு மங்கிப்போவதால் வலியே தெரியாமல் வருவதுண்டு என்று அந்த டாக்டர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ படுக்கையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஆக்சிஜன் முகமூடியை லேசாக நகர்த்தினாய்.

"பாத்தியாபா. நான் பொய் சொல்லல."

முகமூடியை மறுபடி உன் முகத்தில் சரியாக வைத்தேன். சாயங்காலம் நீ இல்லை.

போன மாதம் எனக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நாளாக உள்ளே இருந்ததோ தெரியாது, அது சொல்லிவிட்டு வரும் விருந்தாளி இல்லை. தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரியின் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். செருப்பைத் தட்டி உதறிப் போடுகிறேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு முடித்து இப்போது சொந்தக் காலிடம் வந்துவிட்டேன் என்று அவள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய் இனிப்பைத் தொடாமல் வந்தபோது அவளே என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

இன்று அந்த நூலைக் கொளுத்திய கையோடு மத்தியானம் அதே டாக்டரம்மாவிடம் போனேன். அதே நைலான் இழை. கண்ணை மூடினேன். வலது பாதத்தில் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. இடது பாதத்துக்கு வந்தார். தொட்டார், 'ம்' என்றேன். பிறகு ஓர் அமைதி. இந்நேரம் தொட்டிருப்பார் என்று பட்டது. அப்படி நினைத்ததுமே கட்டைவிரலில் ஏதோ பட்டதுபோலவும் இருந்தது. 'ம்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது, அன்று நீ டாக்டரை ஏமாற்றவில்லை. உனக்கும் இப்படித்தான் பட்டதுபோல இருந்திருக்கும். நான் உன் வாயைச் சந்தேகப்பட்டேன். பொய் சொன்னது உன் கால்.

உன்னைச் சந்தேகப்பட அன்று பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். என் பக்கத்து நாற்காலியில் யாருமில்லை.

"தெரியல டாக்டர்" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். நைலான் இழை என் கட்டைவிரலில் அழுந்தி வளைந்து நின்றுகொண்டிருந்தது. உண்மையிலேயே பட்டிருந்தும் என் காலால் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆரம்பம்தான், இப்போதே பிடித்துவிட்டோம், சர்க்கரையை அடக்கிவைத்தால் மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வெறுங்காலோடு எங்கும் நடக்கக் கூடாது, கோயில் என்றால் வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டு வாருங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பயமாகத்தான் இருந்தது.

கடைக்குத் திரும்பினால் உன் இடத்தில் புதிதாக வந்தவர் ஒரு வீட்டாருக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கலர் வந்தது. எனக்கு மோர் சொன்னேன். வந்த டம்ளரை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.