தாழ்ப்பாள் போடாத கதவு

அம்மா, நான் இங்கே வந்து நானூற்றுப் பன்னிரண்டு நாளாகிறது. ஒரு வருடம் தாண்டிவிட்டதால், நான் இருந்த வெளிநாட்டுக்குத் திரும்பிப் போய்க் குடியிருக்க மறுபடி விசா கேட்க வேண்டும். இன்று தூதரகத்தில் நேர்காணல்.

சாப்பாடு மேசையில் இருக்கிறது. ஒரு தட்டு மட்டும் எடு. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கிறது.

நேற்று கதவைத் தாழிட்டதற்கு, “உங்கப்பா வெளியவே நிக்கணுமாடி?” என்று கத்தினாய். திறந்து வைத்தேன். பிறகு நானும் அவர் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

– சின்னக்குட்டி

இன்னொன்று: இத்தனை நாள் ஏன் தங்கினாய் என்று அங்கே கேட்பார்கள். அவர்களிடம் சொல்லும்முன் உன்னிடம் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அப்பா நடக்கப் போயிருக்கிறார் என்று தினமும் நான் சொல்வது பொய். ஆறு மாதம் முன்பு, ஆஸ்பத்திரியில், உன் கையைப் பிடித்தபடியே இறந்துவிட்டார்.