ரூஜ் ரிவர் தொகுதி போன இடம்

ரொறன்ரோ
2025 ஜூன் 8

அன்புள்ள மகன் யூட்சனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மடு மாதாவின் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறேன், நீயும் ஜெசிகாவும் சின்னவளும் பேர்த்தின் குளிர்காலத்தைத் தடிமன் காய்ச்சல் இல்லாமல் கடக்கவேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நீ எப்போதும் காருக்குள் இருப்பாய், நானும் எல்லாம் நல்லம் என்று சொல்லி வைத்துவிடுவேன். போன முறை அப்படிச் சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. தேர்தல் அன்று வாக்களித்துவிட்டேன் என்று சொன்னேன். நான் வாக்களிக்கவில்லை மகன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நீ கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கப் பதியும்போது கனடாவில் கடைசியாக இருந்த விலாசத்தைக் கேட்டார்கள், மல்வேர்ன் வீட்டைப் போட்டேன், வேறு ஏதோ தொகுதி என்று வருகிறது, அம்மா எங்கடை ரூஜ் ரிவரை ஆர் எடுத்தது என்று கேட்டாய். ஒருவரும் எடுக்கவில்லை, பிரித்துவிட்டார்கள். நீ 2014இல் அவுஸ்திரேலியாவுக்குப் போனாய், அடுத்த வருடத் தேர்தலோடு அதுவும் போய்விட்டது. ஸ்காபரோ ரூஜ் ரிவர் என்ற தொகுதி 88ஆம் ஆண்டுத் தேர்தலுக்குத்தான் முதலில் வந்தது, அப்போது நாங்கள் மன்னாரில் இருந்தோம், இப்படி ஓர் ஆறு இருப்பதே தெரியாது. வடக்கே ஸ்டீல்ஸ் வீதி, தெற்கே 401 ஹைவே, கிழக்கே பிக்கரிங் எல்லை, மேற்கே மிட்லண்ட் வீதி, இதற்குள் அடங்கியது அது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய இடம். நாங்கள் 94இல் அங்கே மல்வேர்னில் வீடு எடுத்தோம், 96இல் சிற்றிசன் ஆனோம், 97 ஜூனில் நானும் அப்பாவும் முதல் தடவையாக வாக்களித்தோம். அப்பா கோயிலுக்குப் போகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் தேர்தல் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் நாங்கள். இங்கே ஒரு பென்சிலைத் தந்து, மறைப்புக்குப் பின்னால் தனியே விட்டார்கள். வெளியே வந்து அப்பா, இவ்வளவுதானோ என்று கேட்டார். 2011இல் ஒரு தமிழ்ப் பெயர் முதல் தடவையாகப் பாராளுமன்றத்துக்குப் போனதும் அந்தத் தொகுதியிலிருந்துதான், அன்று நம் தெருவில் கார் ஹோர்ன் சத்தம் எப்படி இருந்தது என்று உனக்கே ஞாபகம் இருக்கும்.

2000ஆம் ஆண்டிலிருந்து தேர்தலுக்குத் தேர்தல் நான் பள்ளிக்கூட ஜிம்மில் வாக்காளர் இடாப்பு மேசையில் வேலை செய்தேன் அல்லவா, அந்த முதல் வருடம் நடந்ததை உனக்குச் சொன்னேனோ தெரியாது. சீமோன் அண்ணை அப்போதுதான் நம் தெருவுக்கு வந்திருந்தார், இடாப்பில் பெயர் இல்லை, விலாசத்தைக் காட்ட ஒரு கடதாசியும் இல்லை. அப்படியானவருக்காக அதே வட்டாரத்தில் இருக்கும் இன்னொரு வாக்காளர், இவரை எனக்குத் தெரியும், இன்ன வீட்டில் இருக்கிறார் என்று எழுத்தில் உறுதி கூறலாம். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். இவர் மன்னாரிலை பேசாலை, இவரின்ரை தாயார் கோயில் பாட்டுக் குழுவிலை இருந்தவ, இவர் மூண்டாவது பிள்ளை, மூத்தவர் சாமியாராப் போனவர் என்று அப்பா தொடங்கினார், நான் மேசைக்குப் பின்னால் இருந்து இங்கிலிஷில் மாற்றிச் சொல்கிறேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாம் சரி, வீட்டு இலக்கம் என்ன என்றார். அப்பாவுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற மனுசனின் இலக்கம் தெரியாது, அவருடைய பரம்பரை முழுதும் தெரியும். எனக்குத் தெரிந்தும் என் வாயால் சொல்லக்கூடாது, நான் மேசைக்காரி. கடைசியில் நவம்பர் குளிரில் நடந்துபோய் கதவைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதற்குப் பிறகு தேர்தல் அறிவித்தால் போதும், அப்பா தெருவில் ஒரு நடை நடந்து இலக்கங்களைப் பாடமாக்குவார். நம் ஆட்களில் எத்தனை பேர் இந்தப் பிழையை விட்டார்கள் தெரியுமா, ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவராவது அதிகாரிக்குக் குடும்ப வரலாறு சொல்லாமல் போகமாட்டார்.

பிறகு 2015. சனம் கூடிவிட்டது என்று எல்லைக் கோட்டை மாற்றிக் கீறினார்கள், மல்வேர்னில் ஒரு பாதி ஒரு தொகுதிக்கும் மறுபாதி இன்னொன்றுக்கும் போனது, ரூஜ் ரிவர் என்ற பெயர் வாக்குச்சீட்டில் இருந்து அழிந்தது. நான் அதே ஜிம்மில் அதே மேசை. சீமோன் அண்ணை அதற்குள் மகளோடு மற்றப் பாதிக்கு மாறியிருந்தார், ஆனால் பழக்க தோசத்தில் பொல்லை ஊன்றிக்கொண்டு என்னிடம்தான் வந்தார். உங்கள் இடம் இது இல்லை அண்ணை என்று சொன்னேன். என்ன வேரோனிக்கா, என்னைத் தெரியாதோ என்று கேட்டார். தெரியும், தெரிஞ்சும் ஏலாது அண்ணை என்றேன். அவர் மற்ற இடத்துக்குப் போகவில்லை, நேரே வீட்டுக்குப் போய்விட்டார். சட்டப்படி நான் செய்தது சரி. அதோடு அந்த வேலையை விட்டுவிட்டேன், கால் வலி என்று உங்களுக்குச் சொன்னேன்.

இனி ஏப்ரல் இருபத்தெட்டு. அப்பா கண்ணை மூடிய பிறகு நீ பார்த்து எடுத்துத் தந்த இந்த அப்பாட்மென்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரி கிட்ட, சப்வே கிட்ட, 91இல் வந்து இறங்கிய அதே சென் ஜேம்ஸ் ரவுண், அப்போது ஓர் அறைக்குள் ஐந்து பேர், இப்போது நான் ஒருத்தி. வாக்களிக்கும் இடம் கட்டடத்தின் கீழ்த்தளத்து மண்டபத்திலேயே. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். இடாப்பில் என் பெயர் இல்லை. ஹெல்த் கார்டில் இன்னும் மல்வேர்ன் விலாசம், மாற்றச் சொல்லி நீ இரண்டு முறை சொன்னாய், மாற்றினால் அந்த வீட்டில் அப்பாவோடு இருந்ததற்கு ஒரு கடதாசியும் மிஞ்சாது என்று நான் மாற்றவில்லை, அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். லீஸ் உன் பெயரில், பாங்க் கடிதம் எல்லாம் ஈமெயிலில், அதைத் திறக்க எனக்குத் தெரியாது, உனக்குப் போன் எடுக்கலாம் என்றால் அங்கே நடுச்சாமம். நான் இங்கே இருப்பதாகக் கடிதம் தரும் கட்டட அலுவலகத்தைப் பன்னிரண்டு மணிக்கே பூட்டிவிட்டார்கள். பஸ் எடுத்து மல்வேர்னுக்குப் போய் அந்தக் கார்டைக் காட்டியிருந்தால் ஒருவேளை வாக்களித்திருப்பேன். இத்தனை வருடம் மேசையில் இருந்து மற்றவர்களிடம் சத்தியம் வாங்கியவள் பொய் விலாசம் சொல்வதா? மனம் ஒப்பவில்லை.

மேசையில் இருந்த பிள்ளை நல்ல மரியாதையானவள். பரவாயில்லை, இந்தக் கட்டடத்தில் உங்களைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவாருங்கள், ஒருவர் போதும் என்றாள். நானே எத்தனையோ பேருக்குச் சொன்ன வசனம். இருபத்திரண்டு மாடி மகன். நான் நின்று யோசிக்கிறேன், யோசிக்கிறேன், ஒன்றிரண்டு முகம் வருகிறது, பெயர் வரவில்லை. நாய் வைத்திருக்கிற வெள்ளைக்காரர், எலிவேற்றரில் எனக்காகக் கதவைப் பிடிக்கிற பெடியன், இவ்வளவுதான். அந்த நேரம் பின்னால் வரிசையில் நின்ற ஒரு முஸ்லிம் பிள்ளை, என் மாடியில்தான் இருக்கிறாள், ஒன்றரை வருடமாகப் பார்த்துச் சிரிக்கிறோம், அவள் முன்னுக்கு வந்தாள். இந்த அன்ரிய எனக்குத் தெரியும், 1407இல இருக்கிறவங்க, நான் சைன் வைக்கிறன் என்றாள், அதையே மேசைக்கு இங்கிலிஷில் சொன்னாள். அவள் தமிழ் கதைப்பாள் என்றுகூட எனக்கு அதுவரை தெரியாது. படிவத்தை எடுத்தார்கள். பேனையைப் பிடித்துக்கொண்டு அவள் என் பக்கம் திரும்பி, உங்கட பேரென்ன அன்ரி என்று கேட்டாள்.

பெயர் தெரியாமல் உறுதி கூற ஏலாது, அந்த அதிகாரிப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அது விளங்கியது, பேனையை மெதுவாக வாங்கி வைத்தாள். அவள் மேல் பிழை இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நம் ஆட்களுக்கு ஊரும் பேரும் தெரியும் இலக்கம் தெரியாது, இங்கே இலக்கம் மட்டும்தான் தெரிகிறது. நான் தாங்ஸ் சொல்லிவிட்டு எலிவேற்றருக்கு வந்தேன். அழவில்லை. மேலே வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் அழுதேன். நீ உலகத்தின் மறுகோடியில் இருந்து அந்த மல்வேர்ன் வீட்டுக்காரனாக வாக்களித்துவிட்டாய், நான் வாக்குப்பெட்டிக்கு மேலே பதினாலாம் மாடியில் இருந்தும் ஒருவருக்கும் தெரியாதவளாகத் திரும்பிவந்தேன் என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

என் மாடிப் பிள்ளையின் பெயர் ஷாமிலா. அடுத்த நாள் கதவைத் தட்டிப் பெயரைச் சொன்னாள், மன்னிச்சிக்கங்க அன்ரி, கேட்டிருக்கக் கூடாது என்றாள். கேட்காமல் விட்டது நாம் இரண்டு பேரும் அல்லவா என்றேன். அதிலிருந்து தேத்தண்ணிக்கு வருவாள், நானும் போவேன், அவளுடைய சொந்த இடம் புத்தளம். ஐந்து கிழமை நன்றாகப் போனது. நேற்று வந்து, யூனியன்வில்லில் வீடு சரிவந்துவிட்டது, மாதக் கடைசியில் போகிறோம் என்று சந்தோசமாகச் சொன்னாள். நானும் சந்தோசமாகத்தான் கேட்டேன். அவள் குடித்த கோப்பையை இன்னும் கழுவவில்லை.

மகன், அப்பா போன பிறகு நீ மூன்று தடவை பேர்த்துக்கு வரச் சொன்னாய். என்னைத் தெரிந்த சனத்தை விட்டுவிட்டு எப்படி வருவது என்று மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னேன். பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய். நீ விட்டது நியாயம்தான், ஒரு மனுசன் எத்தனை தரம் கேட்பது. அந்தப் பதிலை நான் சொன்னபோதே அது பழைய தொகுதி மாதிரித்தான், பெயர் மட்டும் என் வாயில் இருந்தது, ஆட்கள் எப்போதோ வேறு வேறு பக்கம் போய்விட்டார்கள். நானாக வருகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, உங்கள் வீட்டில் இடம் எப்படி, ஜெசிகாவின் மனம் எப்படி என்று ஒன்றும் தெரியாமல் எப்படிச் சொல்வது.

குளிருக்குள் சின்னவளை ஈரத் தலையோடு வெளியே விடாதே. ஜெசிகாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர் எப்போதும் உங்களோடு இருக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் மறக்காமல் ஒன்று செய், வேலைக்குப் போகிற வழியில் இல்லாமல் வீட்டில் இருந்து போன் எடுத்து, இன்னும் ஒரு தடவை என்னைக் கேள்.

உன் அம்மா
வேரோனிக்கா றொபேட்