அப்பா முடிவு செய்த வண்டி

ஒடுகத்தூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் அபிநயாவுக்கு அம்மா பாஞ்சாலி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், அண்ணன் அண்ணியும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே பெர்த்தில் உன் உடம்பு, மாப்பிள்ளை உடம்பு, நீங்கள் வாங்கிவிட்ட புது வண்டியின் உடம்பு எல்லாம் எப்படி இருக்கிறது? வண்டி என்று படித்ததும் திடுக்கிட வேண்டாம் கண்ணு, எனக்குப் போன மாசமே தெரியும். ஹைப்ரிட் வாங்குவதா பெட்ரோல் வாங்குவதா, நீங்க சொல்றதத்தான் வாங்குவேன்ப்பா என்று போனில் கேட்டுவிட்டு, கடையில் நிற்கிற வண்டி என்று ஒரு சிவப்புக் காரை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பினாயே, அதில் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. பானெட்டில் சந்தனம், நடுவில் குங்குமம். பெர்த்தில் கார் விற்கிற வெள்ளைக்காரன் இவ்வளவு பக்தியாகவா இருப்பான் என்று யோசித்தபடியே பார்த்தால் ஓரத்தில் உன் செருப்பு கிடக்கிறது, போன தடவை நீ வந்தபோது வேலூரில் நான் வாங்கிக்கொடுத்த அதே செருப்பு. பொய் சொல்கிறவள் செருப்பை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டாமா? நல்லவேளை, உன் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார். கலர் கொஞ்சம் ஜாஸ்தி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். நீ போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு எனக்கும் சேர்த்து அவரே பேசுவது உனக்குத் தெரியாதா? போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, அம்மா இன்னா சொல்றாங்க என்று நீ கேட்டதற்கு, அவளும் ஹைப்ரிட்டுதான் சொல்றா என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார், நான் வாயே திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதி என் அண்ணன் மகன் குணசீலனிடம் கொடுக்கிறேன், அவன் படம் பிடித்து அவன் போனிலிருந்து அனுப்புவான். பதிலும் அவன் போனுக்கே அனுப்பு.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நீ கேட்ட பிறகு உன் அப்பா எப்படி இருந்தார் என்று சொல்லிவிட்டுத் திட்டுகிறேன். கடலை மண்டியை உன் அண்ணன் கையில் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. அவன் இவரை ஒன்றும் கேட்பதில்லை, கேட்காமலே நன்றாக நடத்துகிறான், அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. நஷ்டப்பட்டிருந்தால்கூடச் சந்தோஷமாக யோசனை சொல்லியிருப்பார். இந்த நேரத்தில் நீ கேட்டாயா, மறுநாள் காலையில் முகச்சவரம் செய்து, கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். எம்பொண்ணு ஆஸ்திரேலியாவுல ஸ்போர்ட்ஸ் காரு வாங்கப் போவுது, நான் இன்னும் முடிவு சொல்லல, அதான் நிக்கிது என்று டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் வரைக்கும் சொல்லியாயிற்று. அப்புறம் பேப்பர் படித்து, வீடியோ பார்த்து, ஹைப்ரிட் என்று முடிவுக்கு வந்தார். பிரேக் புடிச்சா கரண்டு ஊறுதாம் பாஞ்சாலி, கெணறு மாதிரி என்று என்னை அடுப்படிக்கே தேடி வந்து சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுப்படிக்குள் அவர் வந்தது அன்றைக்குத்தான்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் படத்தில் இருந்த வண்டி சிவப்பு, பின்னால் பெரிசு பெரிசாகப் புகைக்குழாய், பார்த்தாலே பாய்கிற மாதிரி இருந்தது, பெட்ரோல்தான் என்று நினைத்துக்கொண்டேன். நீ பெட்ரோலை வாங்கி வைத்துக்கொண்டு கேட்கிறாய், இவர் ஹைப்ரிட் என்று ஊருக்கே சொல்லிவிட்டார். கேட்பதற்கு முன்பே வாங்கிவிட்டாள் என்று தெரிந்தால் அவர் கோபப்படுவார் என்று எனக்குப் பயமில்லை. ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் பயம். மண்டிச் சாவியைக் கொடுத்த அன்றும் அப்படித்தான், ஒரு வார்த்தை பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தவர் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஆகவே நீ வாங்கிவிட்ட வண்டியையே அவர் வாயால் சொல்ல வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். ஹைப்ரிட்டில் பேட்டரி அடைத்துக்கொண்டு டிக்கி சின்னதாகிவிடுமாமே, அரிசி மூட்டையை எங்கே வைப்பாள் என்றேன். அவ இன்னா அங்க அரிசி மண்டியா வெச்சிருக்கா என்றார். கனம் ஜாஸ்தியாமே, வளைவில் திரும்பாதாமே என்றேன். நீகூடத்தான் கல்யாணத்துக்கு அப்புறம் கனமாயிட்ட, திரும்பாமலா இருக்க என்றார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு ரசம் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மலைமேல் நெல்லிவாசல்நாட்டு ரங்கன் வீட்டுக் கல்யாணம், நம் மண்டிக்குச் சாமை கொண்டுவருவாரே அவர்தான், அவருடைய மகளுக்கு. புளி வியாபாரம் செய்கிற புருஷோத்தமன் பெங்களூரில் ஒரு பெட்ரோல் சொகுசுக் காரைப் பழசாக வாங்கி வந்திருக்கிறான், தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு வருமே அந்த மாதிரி. நானே அவன் வீட்டுக்குப் போய், எங்களையும் அதிலேயே மலைக்குக் கூட்டிக்கொண்டு போப்பா, உங்க அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்கணும் என்று சொல்லி வைத்தேன். உன் அப்பா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் இதெல்லாம் பழைய காலத்து வண்டி, புகை, சத்தம் என்று ஆரம்பித்தார். ஆலங்காயம் தாண்டி மலை ஏறியதும் புருஷோத்தமன் காலை அழுத்தினான் பார், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, காட்டுக்குள் இருந்து குரங்கெல்லாம் ரோட்டோரம் வந்து நின்று பார்த்தது. அப்பா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு வளைவு போனதும் மெதுவாக, இன்னொருவாட்டி அழுத்து, பாக்கலாம் என்றார். நான் பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டேன், சிரிப்போடு வாந்தியும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தார் ரோடு முடிந்த இடத்தில் வண்டியின் வயிறு கல்லில் கரகரவென்று தேய்ந்தது. புருஷோத்தமன் யாரோ அவன் நெஞ்சில் கத்தியை வைத்த மாதிரி கத்தினான். வண்டியைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, பட்டுப்புடவையோடு ஷேர் ஜீப்பில் ஏறி, வாழைத்தாருக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ரங்கன் கையைப் பிடித்து வரவேற்று, இன்னாங்க, அவ்ளோ பெரிய காரு எங்க ஊரு ரோட்டப் பாத்துப் பயந்து நின்னுக்கிச்சா என்று கேட்டார். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்ததும் உன் அப்பா அங்கேயும் ஹைப்ரிட்டை எடுத்துவிட்டார், பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. ரங்கன் பெண்சாதி ராணியம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, கரண்டுல ஓடுமா பெட்ரோல்ல ஓடுமா, ஒண்ணு சொல்லுங்க என்றாள். ரெண்டுலயும் ஓடும் என்றார். அப்போ ரெண்டும் தீந்துட்டா இன்னா பண்ணுவீங்க என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் அதற்கப்புறம் ஹைப்ரிட் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

சாயங்காலம் ஒடுகத்தூருக்குள் நுழையும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் புருஷோத்தமன் ஒரு உறுமல் விட்டான். கடைவீதி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் இருக்கிறது யார் என்று குனிந்து பார்த்து, நம்ப ராஜவேலு அண்ணன்டா என்று ஒருத்தன் சொன்னது எனக்குப் பின்சீட்டில் கேட்டது. உன் அப்பாவுக்கும் கேட்டது. இறங்கி நேரே டீக்கடைக்குப் போனார், நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன், பெட்ரோல்தான், எம்பொண்ணுகிட்ட சொல்லப் போறேன் என்று அறிவித்துவிட்டு வந்தார். நானும் ஜெயித்துவிட்டேன் என்று கெங்கையம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன்.

நேற்று குணசீலன் வேலூர் ஒர்க் ஷாப்பில் லீவு என்று வந்திருந்தான். உன் அப்பா வெளியே போயிருந்தார், அந்தப் படத்தை அவனிடம் பெருமையாகக் காட்டினேன். விரலால் பெரிசாக்கிப் பார்த்தான், பார்த்துவிட்டு, அத்தே, இது ஹைப்ரிட்டு, பின்னாடி எழுதியிருக்குது பாருங்க என்றான். புகைக்குழாய் இருக்கிறதே என்றேன். ஹைப்ரிட்டுலயும் பெட்ரோல் டேங்க் இருக்கும் அத்தே, எஞ்சினு இருந்தா கொழாயும் இருக்கும் என்றான். அதாவது நீ வாங்கினது ஹைப்ரிட், உன் அப்பா முதலில் சொன்னதும் ஹைப்ரிட். ஊரில் யாருக்கும் ஒரு தகராறும் இல்லாமல் இருந்த விஷயத்தை நான்தான் ரசம் ஊற்றி, மலை ஏற்றி, ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கெடுத்திருக்கிறேன். இப்போது போய் மறுபடி ஹைப்ரிட்டுக்கு மாறுங்க என்றால் மாறமாட்டார், டீக்கடையில் சொன்ன வார்த்தை.

நானும் குணசீலனும் உட்கார்ந்து யோசித்ததில் ஒரே வழிதான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அவர் பெட்ரோல்தான் என்பார், உடனே, அப்பா, நீங்க சொன்ன மாதிரி பெட்ரோல் ஊத்தற வண்டிதான் வாங்கியிருக்கோம் என்று சொல். பொய் இல்லை, அதிலும் பெட்ரோல் ஊற்றத்தானே வேண்டும். வீடியோவில் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டாதே. ஏன் சத்தமே வரவில்லை என்று கேட்டால், இந்த ஊரில் சத்தம் போட்டால் போலீஸ் பிடிக்கும் என்று மாப்பிள்ளை சொல்லட்டும், அவர் சொன்னால் உன் அப்பா நம்புவார். நாங்கள் ஒரு நாள் அங்கே வந்து அதில் ஏறும்போது தெரியத்தான் போகிறது, அதற்குள் அவருக்கு முடிவு செய்ய வேறு ஏதாவது கொடுத்துவிடலாம்.

திட்ட வேண்டும் என்றேன், ஆனால் திட்ட எதுவும் இல்லை. உன் சம்பாத்தியம், உன் வண்டி, கேட்காமல் வாங்கியதில் ஒன்றும் தப்பில்லை. வாங்கிய பிறகும் அவரைக் கேட்டாயே, அந்தப் பொய்யில் அவர் ஒரு மாசம் நன்றாகச் சாப்பிட்டார், நிமிர்ந்து நடந்தார். எந்த வண்டி என்று என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குச் சத்தம் போடாமல் போகிற ஒன்று கிடைக்கும் என்றால் வேறு எதைக் கேட்பேன்? பெட்ரோலுக்காக வாதாடும்போதெல்லாம் என் மனசு ஹைப்ரிட்டில்தான் இருந்தது. நீ அதையே வாங்கியிருக்கிறாய் என்று குணசீலன் சொன்னபோது பட்ட பாடெல்லாம் வீண் என்றாலும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கீறல் படாமல், நீடூழி வாழக் கெங்கையம்மன் துணை இருக்கட்டும். மழை பெய்யும்போது வேகமாகப் போகாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. இன்னொன்று மறந்துவிடாதே, அடுத்து வீடோ எதுவோ வாங்கினால் வாங்கிய அன்றைக்கே என்ன வாங்கினாய் என்று எனக்குத் தெளிவாக எழுதிவிடு, உன் அப்பா என்ன முடிவு செய்யப் போகிறார் என்று எனக்காவது முன்னாடியே சரியாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. பாஞ்சாலி