தண்ணீர் வழியாக வந்தவர்

அஸ்டோரியா
அக்டோபர் 9

அன்பு மகள் அய்லாவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தொலைக்காட்சியில் பார்க்கும்போது உன் கன்னம் வற்றித் தெரிகிறது, அது விளக்கு வெளிச்சம் என்கிறாள் அம்மா. இங்கே மூன்று நாளாக மூடுபனி. ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, பாலம் பாதி தூரம் வந்துவிட்டு மீதியை வானத்துக்குள் மறைத்துக்கொண்டது, உள்ளே வரும் கப்பல்களின் சங்கு மட்டும் யாரோ தூக்கத்தில் முனகுவது போலக் கேட்கிறது. என் முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை. அம்மா ஏலக்காய் ரொட்டி சுட்டாள், வழக்கம்போல நாலு பேருக்குச் சுட்டுவிட்டு இரண்டு பேர் உட்கார்ந்து தின்கிறோம். போன் செய்தால் உன் அலுவலகத்துப் பிள்ளை பிரெஸ்டன்தான் எடுக்கிறான், "மேடம் கூட்டத்துல இருக்காங்க" என்கிறான். கூட்டம் முடியட்டும் என்று காத்திருந்து காத்திருந்து கடைசியில் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஏப்ரலில் ஜனாதிபதியின் குடியேற்ற ஆலோசகராக அவர் பக்கத்தில் நின்று நீ பேசியதை ஊரே பார்த்தது. என் தாத்தா இந்த நாட்டுக்குக் காகிதத்தோடு வந்தார், வரிசையில் நின்று வந்தார், மற்றவர்களும் அப்படி வரட்டும் என்று சொன்னாய். அம்மா கையிலிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் தொலைக்காட்சியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன், பெருமையாகவும் இருந்தது, படகுக்கு அடியில் எங்கோ தண்ணீர் புகுகிற மாதிரியும் இருந்தது. மறுவாரம் நம் வீட்டு வாசலில் பத்திருபது பேர் அட்டை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள், உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மழை கொட்டியது. அம்மா கதவைத் திறந்து, "கத்துறதுக்கு முன்னாடி தொண்டையை நனைச்சுக்கங்க, காப்பி போட்டிருக்கேன். ஆனா என் ரோஜாச் செடியை மிதிச்சீங்கன்னா நானும் கத்துவேன்" என்றாள். குடித்துவிட்டுக் கோப்பையை அலம்பி வைத்துவிட்டுத்தான் போனார்கள். அதே வாரம் துறைமுகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "சிங்கத்தைப் பெத்திருக்கீங்க" என்றார்.

ஜூலையில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள், பெயர் பிரிஜெட், ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். பழைய கப்பல் ஒன்றின் மாலுமிப் பட்டியலை நகலெடுத்து வைத்திருந்தாள். ஏலிஸ் கோஸ்கி, வயது இருபத்தொன்று, கரிதள்ளுபவன், அதற்கு நேரே சிவப்பு மையில் "ஓடிவிட்டான்" என்று எழுதியிருந்தது. "இவர் உங்க அப்பாவாங்க?" என்று கேட்டாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். அன்று மாலையே பிரெஸ்டன் கூப்பிட்டான், எப்படித்தான் அவனுக்குத் தெரிந்ததோ. "ஐயா, அவ திரும்ப வந்தா எதுவும் ஞாபகமில்லைன்னு சொல்லிடுங்க. உங்க வயசுக்கு யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றான். நல்ல பிள்ளையாகத்தான் பேசினான், குரலில் மரியாதை இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு உட்கார முடியவில்லை, தோட்டத்துப் பக்கம் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். உன் தாத்தா எந்த வரிசையிலும் நின்றதில்லை மகளே. அவர் வந்த வருஷம் வாசல் ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது, நம் பின்னிஷ்காரர்களில் ஒரு வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அவர் கப்பல் இதே போன்ற ஒரு பனிக்காலையில் ஆற்று முகத்தில் நங்கூரம் போட்டு நின்றது. கரை தெரியவில்லை, கரையில் யாரோ ஒரு பெண் பின்னிஷ் பாஷையில் பாடுவது மட்டும் தண்ணீர் மேல் மிதந்து வந்ததாம், அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்துக் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டார். தண்ணீர் எலும்பைக் கடித்தது, பிறகு எதுவுமே தெரியாமல் வெதுவெதுப்பாகிவிட்டது, தூங்கிவிடலாம் போலிருந்தது, பாட்டு நின்றால் செத்துவிடுவேன் என்று நினைத்து நீந்தினேன் என்பார். மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைப் பெண்கள் இழுத்துப் போட்டு வலைக் கொட்டகையில் வலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். பாடியவள் யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. எல்லாப் பெண்களையும் கேட்டுப் பார்த்தார், நாங்கள் யாரும் பாடவில்லையே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அப்பா எழுந்து பின்பக்கம் போய்விடுவார். கை ஒடிந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அதனால்தான் அந்தக் கை கோணலாக இருந்தது, மரம் விழுந்து அப்படி ஆனது என்று உனக்குச் சொன்னோம். என் பள்ளிக்கூட விழா எதற்கும் அவர் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, ரொம்ப வருஷமாக இங்கேயே இருப்பவர்கள் வந்து பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது, அவரோடு போர்ட்லண்டுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்குச் சளி, மூக்கைச் சிந்திக்கொண்டே "எந்த வழியா உள்ள வந்தீங்க?" என்று கேட்டார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தண்ணி வழியா" என்றார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என் அப்பாவும்தான்" என்று சொல்லி முத்திரை குத்தினார். அவ்வளவுதான் அய்லா. திரும்பும்போது பேருந்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார், அன்றுதான் முதல் முறையாகப் பார்ப்பது போல.

பிரெஸ்டன் பேசிய பிறகு ஒரு வாரம் யோசித்தேன். பிறகு பிரிஜெட்டைக் கூப்பிட்டுப் படகில் ஏற்றிக்கொண்டு ஆற்று முகத்துக்குப் போனேன், எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கோ, ஆனால் இதையும் எழுது என்றேன். "என் மக பொய் சொல்லலை. நாங்கதான் அவகிட்ட சொல்லலை. பொய்யின்னா அது என்னோடது." அவள் அதையும் ஒழுங்காகவே எழுதினாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, உனக்கு ஒரு தடவை தெரிந்திருந்தது என்றாள். உனக்கு எட்டு வயதில், தாத்தா சாகிறதுக்கு முந்தின குளிர்காலத்தில், நீ அவர் படுக்கையிலிருந்து ஓடி வந்து, தாத்தா நிஜமாகவே கப்பலிலிருந்து குதித்தாரா என்று கேட்டாயாம். "அது கதைடி, போய்த் தூங்குன்னு நானே சொன்னேன். என்னை நம்பிட்டா" என்று சொல்லி அழுதாள். ஐம்பத்தோரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது மூன்றாவது தடவை.

அது பத்திரிகையில் வந்த மறுநாள் உன் அலுவலகத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. ஆலோசகரின் தந்தை வயதானவர், நினைவு தடுமாறுகிறது, அவரைத் தொல்லை செய்ய வேண்டாம் என்று இருந்தது. நான் அதைக் காப்பிக் கடையில் நின்றுகொண்டு படித்தேன். காப்பி ஊற்றுகிற பெண் வழக்கத்தைவிடச் சத்தமாக, குழந்தையிடம் பேசுவது போல "சர்க்கரை போடணுமா தாத்தா?" என்றாள், எட்டு வருஷமாகச் சர்க்கரை போடாமல் எனக்கு ஊற்றுகிறவள். அதை நான் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். வயதாகிறதுதானே, மகள் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நடந்தது வேறு.

அன்செல்மோவை உனக்குத் தெரியும். என் படகில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன், நீ ஊருக்கு வரும்போதெல்லாம் சால்மன் மீனைப் புகைபோட்டுக் கட்டிக் கொடுத்தவன். ஆகஸ்ட் கடைசியில் வேலைக்குப் போகிற வழியில், காகிதம் இல்லையென்று குடியேற்ற அதிகாரிகள் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இத்தனை வருஷம் இங்கேயே ஒழுங்காக இருந்தான் என்று காட்டினால் விட்டுவிடலாம் என்ற விதி இன்னும் இருக்கிறது, அதைத்தான் நீ எடுத்துவிடப் பார்க்கிறாய் என்று அவன் வக்கீல் சொன்னார். அவன் எப்போது வந்தான் என்பதற்குச் சாட்சி நான் ஒருவன்தான். போன வாரம் போர்ட்லண்டில் விசாரணை. நான் பிரமாணம் எடுத்து உட்கார்ந்ததும் அரசு வக்கீல் எழுந்து உன் அறிக்கையைப் படித்தார். "சாட்சியோட மகள் அலுவலகமே இவருக்கு ஞாபகம் தடுமாறுதுன்னு சொல்லியிருக்கு. இவர் சொல்றதை எப்படி ஏத்துக்கிறது?" என்றார். அன்செல்மோ தலையைக் குனிந்துகொண்டான், அவனுக்காக இல்லை, எனக்காகத்தான் வெட்கப்பட்டான்.

நீதிபதி ஓர் அம்மாள், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மிஸ்டர் கோஸ்கி, உங்க மக சொல்றது சரிதானா?" என்று கேட்டார். என் காதுக்குள் ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் நான் அந்த அறையிலேயே இல்லை. சரி என்றால் அன்செல்மோ போய்விடுவான். தப்பு என்றால் சத்தியம் செய்த வாயால் என் மகளைப் பொய்க்காரி என்கிறேன். கடைசியில் சொன்னேன், "என் மக என்னைப் பாத்து ரெண்டு வருஷமாச்சும்மா. நான் இப்ப எப்படி இருக்கேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "அன்செல்மோவை முதல் தடவை எப்பப் பாத்தீங்க, சொல்லுங்க" என்றார். சொன்னேன். தொண்ணூற்று நான்கு, செப்டம்பர் முதல் வாரம், கோஹோ வகைச் சால்மன் தாமதமாக வந்த வருஷம், இரண்டு கால்களில் இரண்டு வேறு பூட்ஸ் போட்டுக்கொண்டு துறையில் நின்றான், வேலை தெரியுமா என்று கேட்டதற்கு "தெரியாதுங்க, ஆனா சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிரும்" என்றான். மணல்திட்டில் படகு கவிழ்ந்த தேதி, அவன் என் சட்டைக் காலரைப் பல்லால் கடித்து இழுத்தது, எந்த வருஷம் எத்தனை டன் பிடித்தோம் என்பது, எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினேன் அய்லா. அரசு வக்கீல் இரண்டு தேதிகளைப் பழைய பதிவேட்டில் சரிபார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் இந்தச் சாட்சியம் செல்லும் என்று எழுதினார், அன்செல்மோவை வீட்டுக்கு அனுப்பினார்.

ஆனால் அரசுத் தரப்பில் மேல்முறையீடு போட்டிருக்கிறார்களாம், அதற்குள் உன் புது விதி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. உன்னிடம் பேசட்டுமா என்று அன்செல்மோவைக் கேட்டேன். "வேணாம் ஐயா. எனக்காகப் பேசி அந்தப் பொண்ணு உங்ககிட்டப் பேசாமப் போயிட்டா, அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?" என்றான். அதனால் நான் எதுவும் கேட்கவில்லை. உன் வேலை உன்னுடையது, நீ நாட்டுக்கு எது நல்லது என்று நினைக்கிறாயோ அதைத்தான் செய்வாய், சின்ன வயதிலிருந்தே உன்னை யாரும் பாதி வழியில் திருப்பியதில்லை. எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடில்லை, அதுவும் உனக்குத் தெரியும்.

என் ஞாபகத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ பிறந்தது செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. மூன்று நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது, ஆஸ்பத்திரி ஜன்னலில் சொட்டுச் சொட்டாக நின்றது. ஆறு பவுண்டு பதினொரு அவுன்ஸ். அழவில்லை, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய், யார் இவன், எதற்கு இங்கே நிற்கிறான் என்று கேட்கிற மாதிரி. என் கையில் மீன் வாடை அடித்தது, கழுவிவிட்டு வாங்க என்று தாதி துரத்தினாள், நான் கழுவப் போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். இதில் எது தப்பு என்று நீ சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அம்மாவுக்கு நவம்பர் பதினான்காம் தேதி இடது கண்ணில் அறுவை, கண்கட்டை அவிழ்க்கும்போது நீ எதிரில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நீ நீண்ட ஆயுளோடும் மனநிம்மதியோடும் இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா,
ரெய்னோ கோஸ்கி