ஒரு துண்டு பன்னிரண்டு கிராம்

கிருமாம்பாக்கம்
6.4.2025

அன்புள்ள உஷாவுக்கு,

மணி எழுதுகிறேன். இங்கு நானும், பிரித்துப் போட்ட ஆறு மிக்ஸிகளும் சுகமாகக் கிடக்கிறோம். நீயும் தென்றலும் வில்லியனூரில் எப்படி இருக்கிறீர்கள்?

“போன்ல பேசனா சிரிக்க வெச்சே காரியத்த சாதிச்சிடறீங்க, எதுவா இருந்தாலும் எழுதுங்க” என்றாய். ஒன்பதாம் வகுப்போடு நோட்டை மூடியவனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் எழுதுகிறேன். பிழை இருந்தால் ரிப்பேர்காரன்தானே என்று விட்டுவிடு.

மே 18 தென்றலுக்கு எட்டு வயது முடிகிறது. அன்றைக்கு ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போகட்டுமா?

நீ சொல்லப் போவது தெரியும். வலிப்புக்காக டாக்டர் வைத்த பத்தியத்தில் இனிப்பே ஆகாது என்று தெரிந்தும், சர்க்கரை இல்லையே, வெல்லம்தானே என்று கடலை மிட்டாயை அவள் கையில் கொடுத்த புத்திசாலி நான். ஐந்து மாதமாக வராமல் இருந்த வலிப்பு அன்றைக்கே வந்தது. படியில் விழுந்து பல் உடைந்தது. ஆஸ்பத்திரியில், “பால் பல்லுதானே, எப்படியும் விழப் போறதுதான்” என்று ஜோக் வேறு அடித்தேன். நீ அங்கிருந்தே உன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாய். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், இருக்கிற செருப்பும் வார் அறுந்து கிடக்கிறது.

அந்தப் பத்தியத்தால் சோறு இல்லை, இட்லி இல்லை, பிறந்த நாளுக்குக் கேக்கும் இல்லை என்று இருக்கிற பிள்ளைக்கு, வேர்க்கடலையை வெண்ணெய் மாதிரி அரைத்து ஒரு சாக்லேட் செய்யலாமாம். அடுப்பே வேண்டாமாம். செல்போனில் ஒரு அம்மா செய்து காட்டினார்கள். என்னால்கூட முடியும் போல இருக்கிறது. கேட்டுச் சொல்.

மணி


வில்லியனூர்
10.4.2025

தென்றல் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு அளவு எழுதித் தரும் மேடத்திடம் கேட்டேன். செய்யலாம் என்றார்கள். வறுத்த வேர்க்கடலை, தேங்காயெண்ணெய், கொக்கோ பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. இனிப்புக்கு இத்துடன் வைத்திருக்கும் சீட்டில் உள்ள பவுடர் மட்டும். ஒரு துண்டு பன்னிரண்டு கிராம். ஒரு நாளைக்கு ஒன்று. அதற்குத் தகுந்தபடி மற்ற சாப்பாட்டை நான் குறைத்துக்கொள்வேன்.

எதை எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று எழுத வேண்டும். பாக்கெட்டின் பின்னால் இருப்பதைப் படித்துப் பார்த்து எழுத வேண்டும். சரியாக வந்தால் பிறந்த நாளைக்கு ஒரு மணி நேரம் வாருங்கள். சரியாக வரவில்லை என்றால் இனிமேல் இதைப் பற்றிக் கேட்கக் கூடாது.

சிரிப்பு வருகிற மாதிரி எழுதாதீர்கள்.

உஷாராணி


கிருமாம்பாக்கம்
20.4.2025

அன்புள்ள உஷாவுக்கு,

சிரிப்பு வராமல் எழுதத்தான் பார்க்கிறேன். நடந்தது அப்படி இல்லை.

கடலையை அரைத்தால் முதலில் பொடியாகிறது. அப்புறம் உருண்டையாக ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் விடவே மாட்டேன் என்கிறது. “ஒரு நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க அக்கா” என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான், என் மிக்ஸியை ஐந்து நிமிடம் விடாமல் ஓட்டினேன். புகை வந்தது. பக்கத்து டீக்கடைச் சின்னதம்பி எட்டிப் பார்த்து, “இன்னாண்ணா, உன் வூட்டு மிக்ஸிய யார்கிட்ட குடுத்து ரிப்பேர் பண்ணுவ?” என்று கேட்டுவிட்டுப் போனான். அப்புறம் ரிப்பேருக்கு வந்திருந்த காசம்மாள் அக்காவின் மிக்ஸியில், விட்டு விட்டு, வழித்து வழித்து ஓட்டினேன். கால் மணி நேரத்தில் தோசை மாவு மாதிரி தளர்ந்து வந்தது.

இனி நீ கேட்ட கணக்கு. வேர்க்கடலை 200 கிராம், இங்கே சந்தையில். தேங்காயெண்ணெய் 60. சீட்டில் உள்ள பவுடர் 25, புதுச்சேரியில். சாக்லேட் பவுடர் 40, மதகடிப்பட்டில் வாங்கினேன். முன்னால் பால் டம்ளர் படம் போட்டிருக்கிறது. பின்னால் படிக்கச் சொன்னாய், படிக்கிறேன். எழுத்து எறும்பு சைஸ். நூறு கிராமில் சர்க்கரை எழுபத்து...

உஷா, இது கொக்கோ இல்லை. பாலில் கலந்து குடிக்கிற பவுடர்.

செய்ததையும் டப்பாவையும் அப்படியே கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன். நாய்க்குக்கூடப் போட மனசு வரவில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாமா என்றும் நினைத்தேன். அப்படியே அனுப்புகிறேன்.

மணி


வில்லியனூர்
24.4.2025

தென்றல் அப்பாவுக்கு,

கிழிக்காமல் அனுப்பினீர்கள். அதனால் இன்னொரு தடவை.

கொக்கோ பவுடர் நாக்கில் வைத்தால் கசக்க வேண்டும். கசக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

உஷாராணி


கிருமாம்பாக்கம்
8.5.2025

அன்புள்ள உஷாவுக்கு,

கசந்தது! கடைக்காரர் முன்னாலேயே நக்கிப் பார்த்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் தண்ணீர் கொடுத்தார். பாக்கெட்டின் பின்பக்கத்தையே வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே படித்துக்கொள்.

அளவெல்லாம் போன தடவை எழுதியதுதான். மெழுகுத் தாளில் கொட்டி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்தேன். நகை நிறுக்கிற மாதிரி குட்டித் தராசு ஒன்று வாங்கி, ஒவ்வொரு துண்டையும் நிறுத்தேன். கூட இருந்தால் செதுக்கினேன், குறைந்தால் ஒட்டினேன். இருபத்தேழு துண்டு. கத்தியில் ஒட்டியதை நான் நக்கினேன். நன்றாகவே இருந்தது, நான் செய்தது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அக்னி நட்சத்திர வெயிலில் எப்படிக் கொண்டு வருவது? நல்லவாட்டில் மீன் விற்கிற செங்கமலம் அக்கா ஐஸ் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். மூன்று தடவை கழுவியும் சுறா வாசனை போகவில்லை. புதுத் தெர்மோகோல் பெட்டி வாங்கினேன். இரண்டு பஸ் மாறியும் மடியை விட்டு இறக்கவில்லை. உன் தம்பி பாக்யராஜ் மச்சான் பஸ் ஸ்டாப்பில் வாங்கிக்கொண்டு, “இன்னா மாமா, குண்டு கொண்டாந்த மாதிரி புடிச்சிகினு வரே?” என்றார். இந்தக் கடைசி வரிகளை பஸ் ஸ்டாப்பிலேயே எழுதி, கடிதத்தையும் அந்தப் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கிறேன்.

பதினெட்டாம் தேதிக்குப் புதுச் சட்டை எடுக்கவில்லை. பழைய நீலக் கட்டத்தையே இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். அதுதான் அவளுக்கு அடையாளம் தெரியும்.

மணி


வில்லியனூர்
13.5.2025

மணிவண்ணன் அவர்களுக்கு,

இருபத்தேழு துண்டையும் நிறுத்துப் பார்த்தேன். எல்லாமே பன்னிரண்டு. ஐந்து நாளாகத் தினம் ஒன்று கொடுக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

முதல் நாள் வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். “யம்மா, இன்னாம்மா இது? யாரு செஞ்சது?” என்றாள். உங்கள் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “கடையில வாங்கினது” என்று வந்துவிட்டது. “எந்தக் கடை?” என்றாள். கிருமாம்பாக்கத்தில் ஒரு கடை என்றேன். “தீந்துட்டா மறுபடியும் வாங்கித் தருவியா?” என்றாள். சரி என்றேன்.

நாங்கள் இங்கே வந்த பிறகு நீங்கள் வந்து போன இரண்டு தடவையும் அவள் மூன்று நாள் தூங்கவில்லை. அப்பா எப்ப வரும், எப்ப வரும் என்று வாசலிலேயே கிடந்தாள். தூக்கம் கெட்டால் வலிப்பு. இரண்டு தடவையும் வந்தது. உங்களிடம் சொல்லவில்லை. இப்போது மூன்று மாதமாக உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே விட்டுவிட்டாள். எட்டு மணிக்குத் தூங்குகிறாள். வலிப்பு இல்லை.

பதினெட்டாம் தேதி வராதீர்கள். அதற்குப் பிறகும் வேண்டாம். நீங்கள் எல்லாமே சரியாகத்தான் செய்தீர்கள். வாக்குக் கொடுத்துவிட்டு மாறுகிறவள் நான்தான்.

உஷாராணி


கிருமாம்பாக்கம்
17.5.2025

உஷாவுக்கு,

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவையே புரிந்துவிட்டது. மற்ற மூன்றும் வேறு ஏதாவது அர்த்தம் வருகிறதா என்று பார்க்கத்தான். வரவில்லை.

கடை என்று சொன்னது நல்ல யோசனை. நான் வந்தால் அவள் தூக்கம் கெடும். கடைக்காரனை நினைத்து எந்தப் பிள்ளையும் வாசலில் கிடக்காது.

மாதா மாதம் முதல் ஞாயிறு மச்சானிடம் பெட்டி வந்துவிடும். முப்பது துண்டு. முப்பத்தொன்று வருகிற மாதத்துக்கு ஒன்று சேர்த்து. பாக்கெட்டின் பின்பக்கமும் வரும். நிறுக்காமல் கொடுத்துவிடாதே, கடைக்காரர்களை நம்ப முடியாது. உப்புக் கூட இருக்கிறது, கசக்கிறது என்று அவள் ஏதாவது சொன்னால் ஒரு வரி எழுது. கடைக்கு அப்படி எழுதுகிற வழக்கம் உண்டுதான். நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் எழுதலாம், தப்பில்லை.

ஒரு நாளைக்கு இரண்டாகக் கேட்பாள். கொடுத்துவிடாதே.

நாளைக்குப் பிறந்த நாள் என்பது கடைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் வாழ்த்து எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
கிருமாம்பாக்கம் கடைக்காரன்