ஊரப்பாக்கத்தில் திறந்திருந்த கதவு

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறது. அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும், என் ஆரோனும் ஹெப்சிக்குட்டியும் அதே கிருபைக்குள் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். வாய்ஸ் நோட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்துவார், நீயும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் கேட்பதில்லை என்று மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஆகவே கடிதம். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார், கோணலாக இருந்தால் அது அவர் கைவண்ணம், என் கையெழுத்து அல்ல. சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, நிதானமாகப் படி. எனக்கு நடந்ததை அவசரமாகச் சொல்ல முடியாது, இன்னும் அந்த மலைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

மறைமலை நகர் வேலை உறுதியானதும் நீ என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாய். மாப்பிள்ளை ஒப்பந்தம் முடியும் வரை ஸ்வீடனிலேயே இருக்கப் போகிறார், நீ மட்டும் இரண்டு பிள்ளைகளோடு வருகிறாய். "ஸ்கூல், பார்க், லிஃப்ட் எல்லாம் நான் நெட்ல பாத்துக்கறேம்மா, நான் ஃபேக்டரில மாட்டிக்கிட்டா எம்பிள்ளைங்க போய்த் தட்டறதுக்கு ஒரு கதவு இருக்குமா, அத மட்டும் பாத்துச் சொல்லு" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் கதவு இருக்கும்போது இதென்ன கேள்வி என்று அன்று முழுவதும் அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். நீ கேட்பதற்கு முன்பே மாடிப் போர்ஷனைக் காலி செய்து, வெள்ளையடித்து, பிள்ளைகள் விழுந்துவிடாமல் படிக்கட்டுக்குக் கம்பிக் கதவும் போட்டு வைத்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் உனக்காக வீடு பார்க்கப் போனதே ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்து எழுதத்தான். போகிற இடத்திலெல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அதில் துவரம்பருப்பு வேக வைத்துப் பார்த்தேன். நம் வீட்டுத் தண்ணீரில் பருப்பு மலரும், மற்றதில் மலராது, அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

முதலில் மாப்பிள்ளையின் சிநேகிதர் சொன்னாரென்று நாவலூர் போனோம். பிளஸ்ஸி, பதினெட்டாவது மாடி! லிஃப்ட் நிற்பதற்குள் எனக்குக் காது அடைத்துவிட்டது. பால்கனிக் கதவைத் திறந்தால் கிழக்கே கடல், அப்படியே நீளமாக, ஒரு கோடு போட்டதுபோல. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூக்குவாளியில் சாப்பாடு கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போன குடும்பம் நாம். அங்கே பக்கத்து பால்கனியில் ஒருத்தி பனியனை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே கடலைப் பார்க்கிறாள். முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான், கரும்பலகையில் எத்தனை கடற்கரை வரைந்திருப்பேன், இது இவ்வளவு பெரிதா என்று அங்கே நின்று அழுதுவிட்டேன். அப்பா, தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் லிஃப்ட்டில் வந்த ஒருவர்கூட போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை, நான் எல்லாரையும் பார்த்துச் சிரித்துச் சிரித்து வாய் வலித்ததுதான் மிச்சம். உன் ஃபேக்டரிக்கும் அதற்கும் வெகு தூரம். அந்தக் கட்டடத்துத் தண்ணீரில் பருப்பு கடைசி வரை கல்லாகவே கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அடுத்தது பெருங்களத்தூர். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தானே என்று தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம், எங்களைப்போல் புத்திசாலிகள் உண்டா. வீடு நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றால், அம்மாடி, மெட்ராஸே காலியாகித் தெற்கே போகிறது. பாதிப் பேரைக் கிளாம்பாக்கம் புது பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்கிறார்கள், மீதியே இப்படி. தோளில் பிள்ளை, தலையில் பை, கையில் பட்டாசுப் பெட்டி. ஒரு மனிதர் ஒரு சைக்கிளையே கட்டி பஸ் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்கும் போய்ச் சேர ஓர் ஊர் இருக்கிறதே, அங்கே ஒவ்வொருவருக்கும் யாரோ சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பார்களே என்று பிரமித்துப்போய் நின்றேன். பிறகுதான் நாங்கள் வீடு திரும்பவில்லையே என்ற ஞாபகம் வந்தது. ஒரு ஆட்டோவும் வரவில்லை. ரயிலில் போகலாமென்றால் அந்தக் கூட்டத்துக்குள் அப்பாவின் முழங்காலும் நுழையாது, என் மூச்சும் நுழையாது. கடைசியில் மெல்ல மெல்ல நடந்தும் நின்றும், பாதி வழியில் ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தும் வந்து சேர்ந்தோம். அப்பா அப்படியே படுத்துவிட்டார். அவருக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே நினைத்துப் பார்த்தேன், இப்படி ஒரு நாளில் நீ அந்தப் பக்கம் ஃபேக்டரியில் மாட்டிக்கொண்டு, ஹெப்சிக்குக் காய்ச்சல் அடித்து, இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் இப்படிக் கிடந்தால் என்ன ஆகும். அன்று பருப்பு வேக வைக்கவும் தோன்றவில்லை.

இப்போது ஊரப்பாக்கத்துக்கு வருகிறேன். நம் ஏரியா ஜெபக்குழு ஞானஜோதியைத் தெரியுமே, பாட்டு எடுத்தால் தெருமுனை வரை கேட்கும், அவள்தான். வீடு பார்த்தால் அதற்குள் நின்று ஜெபம் பண்ணாமல் முடிவு சொல்லக் கூடாது, நாங்களும் வருகிறோம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஒரு வேன் நிறைய, பாட்டுப் புத்தகமும் கையுமாகப் புறப்பட்டோம். புரோக்கர் அன்பு போனில், "இன்னா மேடம், ஈஸிதான், கேட்லருந்து மூணாவது டவர், பன்னெண்டாவது மாடி, லிஃப்ட்ட ஒட்டி, பெயின்ட் வேல நடக்குது, கதவு தொறந்துதான் கீது, நீங்க போய்க்கினே இருங்க, நான் பின்னால வந்துடறேன்" என்றான். அங்கே நான்கு டவர், நான்கும் ஒரே அச்சு. எங்கள் வேனை முன்பக்கம் விடாமல் பின் கேட் வழியாக அனுப்பினார்கள். நான் அங்கிருந்து எண்ணி, திசை தெரியாதவளா நான், பூகோள டீச்சர் பின்னால் வாருங்கள் என்று எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டாவது மாடி, லிஃப்ட்டை ஒட்டி, கதவு திறந்திருந்தது. ஹாலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, வீட்டுக்காரர் சாமான் போலிருக்கிறது என்று ஞானஜோதி சொன்னாள். அப்பா நாற்காலி தேடினார், இல்லை, ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். ஞானஜோதி பாட்டை எடுத்தாள், நாங்கள் சேர்ந்துகொண்டோம். அப்புறம் நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, இந்த வீட்டுக்குள் வருகிற பெண் தனியாக வருகிறாள், அவளுக்கு ஒரு துணையைக் காட்டும், என் ஆரோனுக்கும் ஹெப்சிக்கும் இந்தச் சுவர்களுக்குள் ஒரு பயமும் வராமல் காத்துக்கொள்ளும் என்று, நீ கேட்ட அந்தக் கதவையும் விடாமல், மனம் விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். வீட்டில் குறை கண்டுபிடிக்க வந்தவள் வாயிலிருந்து இப்படி வந்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் படுக்கையறை வாசலில் ஒரு சின்னப் பெண், ஈரத் தலையோடு ஒரு கைக்குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு நிற்கிறாள். நான் பின் கேட்டிலிருந்து எண்ணியதால் அது வேறு டவர், பிளஸ்ஸி. வேறொருவர் குடியிருக்கிற வீடு. குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், ஃபிரிட்ஜ் கொண்டுவருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள், வெளியே வந்து பார்த்தால் வீடு நிறைய முன்பின் தெரியாத ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம். நானாக இருந்தால் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பேன். அவள் ஜெபம் முடிகிற வரை குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் உளறிக் கொட்டி மன்னிப்புக் கேட்டேன். அவள், "பரவால்ல ஆன்ட்டி, நாக்பூர்லேர்ந்து வந்து நாலு நாளாச்சு, ஒருத்தரும் எட்டிப் பாக்கல, யாரோ எங்களுக்காகத்தான் உங்கள அனுப்பிருக்காங்கன்னு நெனச்சேன், நிறுத்த மனசு வரல" என்றாள். பெயர் ஸ்ரீவித்யா. அந்த மூலையில் ஒரு பெட்டி மேல் பெருமாள் படம், முன்னால் சின்ன விளக்கு. நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை, பாடுகிற மும்முரம். ஞானஜோதி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

விட்டால் போதுமென்று கிளம்பினோம், அவள் விடவில்லை. இந்த வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளிகள் வெறும் வாயோடு போகக் கூடாதாம். புருஷன் ஷ்யாம்சுந்தருக்குப் போன் போட்டுப் பால் வாங்கிவரச் சொன்னாள். அவர் பால் பாக்கெட்டோடு வந்து எங்கள் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, பிறகு தானே டம்ளர் தேடிப் பெட்டி பெட்டியாகப் பிரித்தார். அப்பா உட்கார்ந்திருந்த பெட்டியில்தான் டம்ளர் இருந்தது. டம்ளர் போதவில்லை, கிண்ணத்திலும் காபி குடித்தோம். அப்போதுதான் அது வந்தது. முதலில் லாரி ஏதோ உறுமுகிறது என்று நினைத்தேன். பிறகு ஜன்னல் கண்ணாடி வழியாக ஒரு சத்தம், அடி வயிற்றில் வந்து விழுகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. ஸ்ரீவித்யா காபியை ஆற்றிக்கொண்டே, "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, சிங்கம்தான்" என்றாள். வண்டலூர் மிருகக்காட்சி சாலை அங்கே பக்கம், சாயங்காலமானால் கேட்குமாம். நாம் காட்டைத் தள்ளிவிட்டு இவ்வளவு உயரத்துக்கு வீடு கட்டி, கதவுக்கு மேல் கதவு போட்டு வாழ்கிறோம், அது தன் பாட்டுக்கு இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. படைத்தவரை அன்று அந்த வீட்டில் எங்கள் பாட்டுகளில் கேட்டதைவிட அதிகமாக அந்தச் சத்தத்தில் கேட்டேன். அந்தக் கைக்குழந்தை மட்டும் கெக்கெக்கென்று சிரித்தது.

புறப்படும்போது குங்குமத் தட்டைக் கொண்டுவந்தவள் பாதியில் நின்று, "எடுத்துக்குவீங்களான்னு தெரியல" என்று சொல்லி அதை வைத்துவிட்டு, ஆளுக்கொரு வாழைப்பழமும் கொஞ்சம் மல்லிகையும் கொடுத்தாள். சபை வழக்கப்படி தலையில் பூ வைக்காத ஞானஜோதி அதை வாங்கி, வேனில் வீடு வந்து சேரும் வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். லிஃப்ட் வரை வந்த ஸ்ரீவித்யா என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேர் சொல்லி ஜெபம் பண்ணீங்களே, ஆரோன், ஹெப்சி, அவங்க எப்ப வருவாங்க" என்று கேட்டாள். இன்னும் வீடே முடிவாகவில்லை என்றேன். "எங்களுக்கு எதுத்த வீடு காலியாத்தான் இருக்கு" என்றாள்.

அன்பு காட்டவிருந்த வீட்டையும் பிறகு போய்ப் பார்த்தோம், பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்ரீவித்யாவுக்கு எதிர்த்த வீட்டைக் கேள் என்றதும், "இன்னா மேடம், அந்த கிச்சன் சின்னது, வெயில் வேற மொத்தமும் உள்ள வரும்" என்று தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே போய்ப் பார்த்தேன், அவன் சொல்வது உண்மை, உன்னிடம் மறைக்கவில்லை. உன் ஃபேக்டரி பஸ் அந்த கேட்டுக்கு வெளியே நிற்கும் என்று விசாரித்துவிட்டேன், நம் வீட்டுப் பக்கம் அது வராது. அந்த வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து பருப்பு போட்டேன். கொஞ்சம் நேரம் எடுத்தது, ஆனால் மலர்ந்துவிட்டது. அடுப்படியில் நின்று அதைப் பார்த்தபோது எனக்குத் துக்கமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. உன் பிள்ளைகளுக்கு நான் ஒருத்தியே கதவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் வயதுக்கு அது பேராசை. முடிவு நீதான் எடுக்க வேண்டும், நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிட்டேன்.

வரும்போது பிள்ளைகளின் தடுப்பூசி விவரமெல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் போடாதே. கம்பளிச் சட்டைகளை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வா, இங்கே அதைப் பார்த்தாலே வியர்க்கும். ஹெப்சிக்குச் சிங்கச் சத்தத்தை இப்போதிருந்தே சொல்லிப் பழக்கு. மாப்பிள்ளையிடம் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார், பிள்ளைகள் கால் படுகிற இடமெல்லாம் ஆசீர்வாதமாக இருக்கும்.

கடிதத்தை மடிக்கப் போகும்போது ஸ்ரீவித்யா போன் செய்தாள். ஆரோனும் ஹெப்சியும் காரம் சாப்பிடுவார்களா என்று கேட்கிறாள், அந்த வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் பிளஸ்ஸி: தட்டுவதற்குக் கதவு இருக்கிறது, பன்னிரண்டாவது மாடியில். என் கதவு அதற்கு அடுத்தது. வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் அதுவும் திறந்தே இருக்கும்.

முத்தங்களோடு,
உன் அம்மா,
மெட்டில்டா அசரியா