மூன்று மீட்டர் அலையின் மேல்பாதி

அன்பானவருக்கு,

சாம்பாரும் பீன்ஸ் தோரனும் ஃபிரிட்ஜில் இருக்கின்றன, சுடவைத்துச் சாப்பிடுங்கள். நான் ஸ்ரீவராகத்தில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உங்கள் கடற்சுவர்க் கணக்கைச் சரிபார்க்க என்னால் முடியவில்லை.

இங்கே வந்து மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று மீட்டர் அலையை, அமைதியான நீர்மட்டத்துக்கு மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை என்று சமமாகப் பிரித்திருக்கிறீர்கள். ஆழ்கடலுக்கு அது போதும். நம் கடற்சுவரின் அடியில் ஆழம் நாலு மீட்டர்தான். அங்கே அலையின் பள்ளம் தட்டையாகி, முகடு கூராக எழும்பும். என் கணக்கில் முகடு இரண்டு மீட்டருக்கு மேல் வருகிறது. நீங்கள் வரைந்திருக்கும் சுவரைத் தாண்டிவிடும்.

"அரை மீட்டருக்காக ஆம்படையானை எல்லார் முன்னாலயும் தலைகுனிய வைப்பியா?" என்று கேட்டீர்கள். கணக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சுவருக்குப் பின்னால் முதல் வீடு ஜெபமலர் டீச்சருடையது. நம் பெண் ஜானவிக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர். போன வாரம் உங்களிடமே சொன்னாரே, "சாரோட மதில் வருதுல்லா, இனி பேடியில்ல" என்று. கடல் பயம் விட்ட அந்தத் தைரியத்தில் தரைக்குப் புது டைல்ஸ் போட்டிருக்கிறார்.

நாளை சுவர்த் திட்டக் கூட்டத்தில் நீங்களே முதலில் எழுந்து, சுவரை உயர்த்த வேண்டும் என்று சொல்லுங்கள். நான் வாயே திறக்க மாட்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன்.

எப்படியானாலும் மத்தியானம் உங்கள் சாப்பாட்டு டப்பாவை நான்தான் கொண்டுவருவேன். இந்தக் கணக்கில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் ஆம்படையாள்